பெட்டியின் வால்

14 மே 1988, கிட்வே

இன்று ஒரு வரிசையில் நின்றேன். எதற்கென்று தெரியாது. இந்த ஊரில் வரிசையைக் கண்டால் முதலில் நிற்க வேண்டும், அப்புறம்தான் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு நிற்கலாம் என்று நினைக்கிறவள் சோப்பில்லாமல்தான் குளிப்பாள். எனக்கு முன்னால் நின்றவள் “எண்ணெய்னு சொன்னாங்க” என்றாள். அவளுக்கு முன்னால் நின்றவர் “யாரு சொன்னா? சர்க்கரை” என்றார். கடை ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தால் — பேட்டரி செல்! தடித்த செல், சிவப்பு உறை, புத்தம் புதுசு. எத்தனை மாதமாச்சு இதைக் கண்ணால் பார்த்து!

ஆளுக்கு இரண்டுதான். வாங்கிக்கொண்டு மறுபடி கடைசியில் போய் நின்றேன். மூன்றாம் தடவை தலைத்துணியை மாற்றிக் கட்டிக்கொண்டு போனேன். ஜன்னல்காரன் உற்றுப் பார்த்தான். “முன்னாடி வந்தது நீதானே?”

“அது எங்க அக்கா.”

“அதுக்கு முன்னாடி?”

“அது எங்க இன்னொரு அக்கா.”

சிரித்துவிட்டான், கொடுத்துவிட்டான். என் பாட்டுப் பெட்டிக்கு ஆறு செல் வேண்டும், ஆறும் கிடைத்தாயிற்று! வீட்டுக்கு வந்தால் அக்கா காசோண்டே “எண்ணெய் எங்கடீ?” என்று கத்துகிறாள். கத்தட்டும்.

15 மே

சட்டம்: இனிமேல் பாட்டுப் பெட்டி வீட்டில் சுவரில்தான் பாடும். இது சுரங்கக்காரர் வீடு. அத்தான் கபாயா மண்ணுக்கடியில் போய் வேலை செய்கிறார், வீட்டுக்குக் கரண்டு சும்மா வருகிறது. சும்மா வருவதை விட்டுவிட்டு, கிடைக்காததைக் கரைப்பேனா?

பெட்டிக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அதன் கம்பிக்கு நாங்கள் வைத்த பெயர் வால். வாலின் நுனி பெட்டிக்குள் செருகியிருக்கும்வரை பெட்டி செல்லைத் தொடவே தொடாது. சுவரில் கரண்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி. வாலை உருவினால்தான் செல்லில் பாடும். பத்தினிப் பெட்டி.

இந்த ஆறு செல்லும் எதற்கு என்று எழுதி வைக்கிறேன், ஆசையில் நானே மறந்துவிடக் கூடாது. ஈஸ்டருக்கு, நான் கட்டிக்கொள்ள நினைக்கிற மசாவுசோவின் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் பெண், அவர் பார்க்க வந்தவர். பெட்டியில் நல்ல பாட்டாகப் போட்டேன். அவர் பாட்டைக் கேட்கவில்லை, வாலைப் பார்த்தார்.

“இத ஏம்மா ஆட்டுக்குட்டி மாதிரி செவுத்துல கட்டி வெச்சிருக்க? அவுத்துவிட்டா பாடாதா?”

“செல் கிடைக்கலம்மா.”

“எங்க பண்ணையில செவுரு மண்ணு. அதுல ஓட்டை இருந்தா பல்லிதான் இருக்கும், கரண்டு இருக்காது.” அப்புறம் மகனைப் பார்த்துச் சொன்னார்: “செவுத்த விட்டா பாடாத பொட்டி, டவுன விட்டா வாழாத பொண்ணு. ரெண்டும் ஒண்ணுதாண்டா.”

எழுந்து போகும்போது இன்னொன்றும் சொன்னார். பெண் வீட்டுச் சாப்பாடு பண்ணைக்கு வரட்டும், ஆட்டம் பாட்டம் எல்லாம் பார்த்துவிட்டுக் கல்யாணத் தேதி சொல்கிறேன். பிடிக்காவிட்டால் சொல்ல மாட்டேன்.

அவ்வளவுதான் விஷயம். அந்த மண்சுவருக்கு முன்னால் என் பெட்டி பாட வேண்டும்!

22 மே

வந்தான்! பண்ணைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்து வாத்தியார், செருப்பெல்லாம் சிவப்பு மண், கையில் ஒரு கேசட். மசாவுசோ என்றால் அவர்கள் பேச்சில் துன்பம் என்று பொருள். பெயரிலேயே துன்பத்தைக் கட்டிக்கொண்டு வருகிறவனைப் போய்க் கட்டிக்கொள்கிறாயே என்று அத்தான் தினம் கேட்கிறார். நாங்கள் பெம்பா இனம், அவர்கள் ங்கோனி இனம். எங்கள் பாட்டன்மார் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள், அதனால் எங்களுக்கு ஒருவரையொருவர் கேலி செய்யும் உரிமை. கோபித்துக்கொள்ளும் உரிமை மட்டும் யாருக்கும் கிடையாது. அத்தான் அந்த உரிமையை வீணாக்குவதே இல்லை.

“வாங்க மாப்ள! எலிக்கறி கொண்டு வந்தீங்களா?”

“கொண்டு வந்தேன். வழியில உங்காளு ஒருத்தரு கொரங்குக்கறி குடுத்து மாத்திக்கிட்டாரு.”

கேசட்டில் ஒரு பக்கம் ஆட்டப் பாட்டு. யார் வீட்டு ரேடியோவிலிருந்தோ பிடித்தது, நடுவில் சேவல் கூவுகிறது. மறுபக்கம் — அவனே பேசியிருக்கிறான், எனக்காக! பாடவும் பாடியிருக்கிறான். கழுதை வெட்கப்படும். அவன் அம்மாவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறான். அதை எழுத மாட்டேன், இந்த நோட்டு அக்கா கையில் கிடைக்கும்.

23 மே

மறுபக்கம் திரும்பக் கேட்டேன். சுவரில்தான்.

24 மே

திரும்பவும். நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில், டெலிபோன் பலகை முன்னால் உட்கார்ந்துகொண்டு அதே பாட்டை முனகியிருக்கிறேன். டாக்டரை இணைக்க வேண்டிய அழைப்பைப் பிணவறைக்கு இணைத்துவிட்டேன். பக்கத்து நாற்காலி தெரேசா சிரித்துச் சிரித்துக் கீழேயே விழுந்துவிட்டாள்.

5 ஜூன்

படுபாவி! என் அத்தான் ஒரு படுபாவி!

வேலைவிட்டு வருகிறேன், மாமரத்தடியில் பாட்டு. மாமரத்தில் ஏது சுவர்? அத்தானும் அவருடைய கூட்டாளிகளும் பீர் குடித்துக்கொண்டு, நடுவில் என் பெட்டி, வால் உருவி, என் செல்லில்! எத்தனை நேரமா ஓடுதுன்னு கேட்டா “இப்பத்தான்”னு சொல்றாரு. நாலு காலி பாட்டில் கீழ கெடக்கு, இப்பத்தானாம்!

“உங்களுக்கு மனசாட்சி இருக்கா அத்தான்? அது என் கல்யாணச் செல்!”

“செல்லு கல்யாணம் பண்ணுமா? நீதானே பண்ணிக்கப் போற?”

எல்லாரும் சிரிக்கிறார்கள். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து அழுதேன். அழுதுகொண்டே செல்லை ஒவ்வொன்றாகக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். கன்னத்தில் வைத்தால் என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது.

6 ஜூன்

செல்லைக் கழற்றி ஒளித்து வைக்கலாம். ஆனால் இந்த வீட்டில் ஒளித்து வைத்ததெல்லாம் கடைசியில் அத்தானின் டார்ச்சுக்குள்தான் கிடைக்கும். அதனால் ஆஸ்பத்திரியிலிருந்து புண்ணுக்கு ஒட்டும் பிளாஸ்திரி ஒரு சுருள் கொண்டு வந்தேன். செல் அறையின் மூடியைச் சுற்றி ஒட்டினேன். வாலின் நுனியைப் பெட்டிக்குள் செருகி, அதன் மேலும் சுற்றிச் சுற்றி ஒட்டினேன். இனி சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகலாம், பெட்டியிலிருந்து வாலைப் பிடுங்க முடியாது. பெட்டிக்கு எலும்பு முறிந்து கட்டுப் போட்ட மாதிரி இருக்கிறது. எனக்கோ பரம சந்தோஷம்.

12 ஜூன்

வெற்றி! வெற்றி! மாமரத்தடிக்கு மறுபடி கொண்டுபோனார். வால் தரையில் இழுபட, பெட்டி ஊமை. பொத்தானை அழுத்துகிறார், ஒன்றுமில்லை. தட்டுகிறார், குலுக்குகிறார், ஊதுகிறார். “உன் செல்லெல்லாம் செத்துப்போச்சு புபே!” என்று அங்கிருந்தே கத்தினார். நான் சமையலறை ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தேன். அக்காவுக்கும் விஷயம் சொல்லவில்லை. கட்டிலில் தலைவைத்தால் எல்லாவற்றையும் புருஷனிடம் ஒப்பித்துவிடுவாள்.

10 ஜூலை

இன்று மனசு சரியில்லை. தெரேசா விளையாட்டாகத்தான் கேட்டாள்: “கரண்டுக் கம்பிக்கு நடுவுலயே பொறந்து வளர்ந்தவ நீ. பண்ணையில போயி என்னடி பண்ணுவ?”

என்ன பண்ணுவேன்? எனக்கு இருட்டென்றால் பயம். பாம்பென்றால் பயம். பாட்டில்லாத சாயங்காலம் எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. அந்த அம்மா சொன்னது கேலி என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். ங்கோனி பெம்பாவைச் சொன்னால் கேலிதான். ஆனால் மாமியார் மருமகளைச் சொன்னால்? அது எந்தக் கணக்கில் சேரும்? மசாவுசோ “அம்மா தேதி சொல்லாம நான் ஒண்ணும் செய்ய முடியாது புபே” என்கிறான். அவனைக் குறை சொல்லவும் முடியவில்லை. அம்மா பேச்சைத் தட்டுகிறவனாக இருந்தால் எனக்கே பிடித்திருக்காது. அவன் இல்லாமல் இந்த ஊரில் இத்தனை வெளிச்சத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

11 ஜூலை

மறுபக்கம் கேட்டேன். சரியாகிவிட்டது.

30 ஜூலை

சாப்பாடு கொண்டுபோக நாள் குறித்தாயிற்று. அடுத்த சனிக்கிழமை! எங்கள் பெண்கள் சோறும் கறியும் சுமந்து மாப்பிள்ளை வீட்டுக்கு ஆடிக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு கிண்ணமும் துணி போட்டு மூடியிருக்கும். மாப்பிள்ளை வீட்டார் காசு போடாமல் எந்தத் துணியையும் திறக்கக் கூடாது.

ஒரே ஒரு சங்கடம். மணப்பெண் போகக் கூடாது. வழக்கம் அப்படி. என் கல்யாணத்தில் நான் ஒருத்திதான் வேண்டாதவள்! பெட்டியை யார் பார்த்துக்கொள்வார்கள்? அக்காவுக்கு எந்தப் பொத்தான் எதற்கென்று தெரியாது.

தெரேசாதான் வழி சொன்னாள். பண்ணைவரை எல்லாரையும் ஏற்றிப்போகும் லாரியை ஓட்டப்போவது அத்தான். முன் சீட்டுக்குக் கீழே ஓர் ஆள் சுருண்டு படுக்கலாம். மேலே, இடுப்பில் சுற்றும் சிதெங்கேத் துணி ஒன்றைப் போட்டுவிட்டால் மாவு மூட்டை மாதிரி இருக்கும்.

“மாவு மூட்டை தும்மாது, இவ தும்முவா” என்றார் அத்தான். ஆனால் ஒத்துக்கொண்டார். மாமரத்தடிப் பாவம் இருக்கிறதே.

5 ஆகஸ்ட்

வீடு முழுக்கப் பெண்கள். கோழி, நிலக்கடலை அரைத்துவிட்ட பூசணிக் கீரை, வறுத்த கபெந்தா மீன், அவரை, உருளைக்கிழங்கு. வாசலில் ஒரு கூட்டம், பின்கட்டில் ஒரு கூட்டம், எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். நான் சிரித்துக்கொண்டே வெங்காயம் நறுக்கினேன், அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

அக்காவுக்கு ஒரு யோசனை. பெட்டியும் ஒரு கறிதானே, அதையும் கிண்ணத்தில் வைத்து மூடிவிடுவோம்! பெரிய எனாமல் பேசினில் பெட்டியை உட்காரவைத்து, வாலை அழகாகச் சுருட்டிப் பக்கத்தில் வைத்து, மஞ்சள் துணியால் மூடிக் கட்டினாள். பொத்தானை அழுத்தவும் கேசட்டை மாற்றவும் கை போகும் அளவு ஓர் ஓட்டை. மூடியபடியே பாடும், வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். எனக்கு அவளைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கத் தோன்றியது. கொடுத்தேன்.

ஆறு செல்லும் உள்ளே. மாமரத்தடி ஒரு நாள் போக மிச்சமெல்லாம் சுவர் காப்பாற்றிய செல்.

7 ஆகஸ்ட்

நேற்று எழுத முடியவில்லை. இன்று எழுதியே தீருவேன்.

லாரி பண்ணை வாசலில் நின்றது. நான் சீட்டுக்கடியில், முழங்கால் காதில். மேலே மாவு மூட்டை வேஷம். பெண்கள் இறங்கி வரிசை கட்டுவது கேட்டது. குலவை கேட்டது. அத்தான் ஜன்னல் வழியாகப் பார்த்து எனக்குக் குனிந்து குனிந்து சொன்னார்: “உங்கக்கா முன்னாடி போறா... தலையில பொட்டி... மொழங்கால்ல உக்காந்துட்டா... உன் மாமியாரு பாயில உக்காந்திருக்காங்க. அய்யோ, என்னா மொகம்! இப்ப அழுத்தப் போறா...”

நான் மூச்சைப் பிடித்தேன்.

ஒன்றுமில்லை.

ஒன்றுமே இல்லை! கோழி கொக்கரிப்பது மட்டும் கேட்டது. பிறகு மாப்பிள்ளையின் ஜேரே குடும்பத்துப் பெண் ஒருத்தி கணீரென்று சொன்னாள்: “பெம்பாக்காரங்க பொட்டி கொரங்குக்கறி தின்னு தொண்டை அடைச்சிருச்சு!” கூட்டம் முழுக்கச் சிரிப்பு. அதற்கு மேல் அந்த அம்மாவின் குரல், எனக்கு எங்கேயும் அடையாளம் தெரியும்: “அதுக்குச் செவுரு வேணுமாம்லே. கொண்டுபோயி மண்செவுத்துல சாத்தி வையுங்க. பல்லிக்காவது பாடுதா பாப்போம்.”

செத்தேன். அங்கேயே, அந்த சீட்டுக்கடியிலேயே செத்தேன். என் செல்லு, என் வரிசை, என் ரெண்டு அக்கா வேஷம், எல்லாம் போச்சு. தேதி போச்சு. மசாவுசோ போனான்.

“உங்கக்கா துணி ஓட்டையில கைய விட்டு கேசட்ட எடுத்துத் திருப்பிப் போடறா” என்றார் அத்தான். “ம்ஹூம். தட்டறா. குலுக்கறா. ஊதறா. நான்தான் அன்னைக்கே சொன்னேனே புபே, செல்லெல்லாம் செத்துப்போச்சுன்னு...”

தட்டறா. குலுக்கறா. ஊதறா.

வாலு! வாலு உள்ளேயே இருக்கு! நானேதான் ஒட்டினேன்!

எழுந்த வேகத்தில் தலை லாரிக் கூரையில் இடித்தது. “எங்கடீ போற? பொண்ணு போகக் கூடாது!” என்று அத்தான் பாவாடையைப் பிடித்தார். போகக் கூடாதுதான். போனேன். சிதெங்கேயைத் தலையில் போட்டுக்கொண்டு, கோழிகள் சிதறி ஓட, கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினேன். பாய்க்கு முன்னால் போய் மண்டியிட்டேன். யாரும் காசு போடவில்லை, துணியைத் திறக்கக் கூடாது. திறந்தேன். பிளாஸ்திரியைப் பல்லால் கடித்துக் கிழித்தேன். வாலைப் பிடித்து ஒரே இழுப்பு.

பொத்தான் அழுத்தியபடியே இருந்திருக்கிறது. அக்கா கேசட்டைத் திருப்பிப் போட்டிருந்தாள் அல்லவா? பாட்டு வரவில்லை. மசாவுசோ வந்தான். முழுச் சத்தத்தில்.

“புபே... நான்தான். கோழி கத்துது, கண்டுக்காத. எங்கம்மாவ நெனச்சுப் பயந்துக்காத, என்ன? அவங்களுக்கு வாய்தான் பெருசு. ஊரே நடுங்கற மாதிரி கத்துவாங்க. அப்புறம் அவங்களே வந்து கோழிக்கால எடுத்து உன் தட்டுல வெப்பாங்க. இப்ப உனக்காக ஒரு பாட்டு...”

பாடினான். கழுதை வெட்கப்படும் அந்தப் பாட்டை.

நிறுத்துவதற்கு எனக்குக் கை வரவில்லை. ஒருத்தரும் சிரிக்கவில்லை. அசல் மசாவுசோ பெண் வீட்டுச் சாப்பாட்டுக்கென்று போட்டிருந்த கோட்டோடு சுவரோரம் நின்றான், வாய் திறந்தபடி. பெட்டிக்குள் இருக்கிற மசாவுசோ மட்டும் உருகி உருகிப் பாடினான்.

பாட்டு முடிந்தது. அந்த அம்மா மெதுவாகத் தலையைத் திருப்பினார்.

“யாருக்குடா வாய் பெருசு?”

“அம்மா... அது வந்து...”

“எனக்கு முன்னாடி இவ்வளவு சத்தமா நீ பேசினதே இல்லையேடா! பொட்டிக்குள்ள போனாத்தான் தைரியம் வருமா?”

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே தாங்கவில்லை. முதலில் தோள் குலுங்கியது, அப்புறம் வயிறு. பாயில் அப்படியே சாய்ந்து, தரையை அடித்து அடித்துச் சிரித்தார். அதைப் பார்த்து ஜேரே கூட்டம், எங்கள் கூட்டம், லாரியில் அத்தான், எல்லாரும். நான் மட்டும் வாலைக் கையில் பிடித்துக்கொண்டு மண்டியிட்டபடி இருந்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் என்னைப் பார்த்தார். தலையிலிருந்து துணி நழுவியிருந்தது. இந்தப் பெண் யார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

“பொண்ணு வரக் கூடாதுன்னு தெரியுமில்ல?”

“தெரியும்மா.”

“தெரிஞ்சுதான் வந்தியா?”

“பொட்டி பாடலம்மா.”

அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ரெண்டையும் அவுத்துவிட்டா நல்லாத்தான் கத்துதுங்க” என்றார்.

அபராதம் போட்டார். என்னைக் கடத்தி வந்ததற்கு அத்தானுக்கு ஒரு கோழி. வாய் பெருசு என்றதற்கு மகனுக்கு ஓர் ஆடு. எனக்கு, காசு விழுமுன் துணி திறந்ததற்கு, கேசட்டின் ஆட்டப் பாட்டுப் பக்கம் தீரும்வரை ஆட வேண்டும். ஆடினேன்! சேவல் கூவும் இடத்தில்கூட நிற்காமல் ஆடினேன். பாதியில் அவரும் எழுந்து வந்துவிட்டார். என்ன இடுப்பு அது! எங்கள் பக்கத்தில் ஒருத்திக்கும் கிடையாது.

சாப்பிட உட்கார்ந்தபோது அவரே வந்து என் தட்டில் ஒரு கோழிக்காலை வைத்துவிட்டுப் போனார். மழைக்கு முன்னால் கல்யாணம்.

9 ஆகஸ்ட்

அக்கா இன்னும் பேசவில்லை. பிளாஸ்திரி விஷயத்தை அவளிடம் சொல்லாததற்கு.

16 அக்டோபர்

புபே ஜேரே. எழுதிப் பார்த்தேன். இன்னொரு தடவை: புபே ஜேரே.

26 பிப்ரவரி 1989, பண்ணை

மழை விட்டிருக்கிறது. சோளம் என் தலைக்கு மேல். இருட்டு பழகிவிட்டது, பாம்பு பழகவில்லை.

சனிக்கிழமை மட்டும்தான் பெட்டி. அது மசாவுசோ அம்மாவின் சட்டம், என்னுடையதைவிடக் கடுமை. செல் சோர்ந்தால் கூரைத் தகரத்தில் வெயிலில் காயவைக்கிறார், அப்பளம் மாதிரி திருப்பித் திருப்பி. வாலுக்கு இங்கே என்ன வேலை? கோழிக்கூட்டுக் கதவைக் கட்ட உதவியது.

இன்று காலை எழுந்து பார்த்தால் கூடு திறந்து கிடக்கிறது. கோழிகள் எல்லாம் சோளத்துக்குள். கதவில் வால் இல்லை. வீட்டுக்குள் பெட்டியும் இல்லை. திருடன் என்று கத்தப்போனேன், மசாவுசோ வாயைப் பொத்தினான்.

“அம்மா விடியறதுக்குள்ள கிட்வே பஸ்ஸுக்குப் போயிட்டாங்க. ஆஸ்பத்திரியில கண் காட்டணுமாம். உங்கக்கா வீட்டுல ஒரு வாரம் இருப்பாங்க.”

“பொட்டி எதுக்கு?”

“அங்க கரண்டு சும்மா வருதாமில்ல? அங்க இருக்கற வரைக்கும் செவுத்துலயே கேட்டுக்கறாங்களாம். செல்ல வீணாக்கக் கூடாதாம். உன்கிட்ட குடுக்கச் சொன்னாங்க.”

துணியில் முடிந்த ஆறு செல்லை என் கையில் வைத்தான். கேசட்டையும் காணோம். அவருக்குப் பாட்டுப் பக்கம் வேண்டாம், வாய் பெருசு என்று மகன் சொல்லும் பக்கம்தான் வேண்டும்.

கோழி பிடித்து முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. முழங்கால்வரை சேறு. சாயங்காலம் பெட்டி இல்லாமல் வீடு ஒரு மாதிரி இருந்தது, மசாவுசோவே பாடினான். சகிக்கவில்லை. இன்னொன்று பாடச் சொன்னேன்.